எஸ்ஜிபிடி நார்மல்... ஆனாலும் கல்லீரல் புற்றுநோய் வருமா? ரத்தத்தில் கசியும் புரதங்கள் சொல்வது என்ன?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். எந்த எண் தடித்த எழுத்தில் இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் ஸ்டார் போட்டிருக்கிறார்கள் என்று விரல் வைத்துத் தேடுவது. எல்.எஃப்.டி. பக்கத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், 'லிவர் ஓகே' என்று ஃபைலை மூடிவிடுவோம்.

ஆனால் கல்லீரல் சுருங்கித் தழும்பாகிப் போன சிரோசிஸ் நோயாளிகளில் பலருக்கும் அந்த எண்கள் நார்மலாகவே இருக்கும். கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அதற்கென்றே இருக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றுதான் வரும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? 2022-ல் உலகம் முழுக்க சுமார் 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 7.58 லட்சம். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருவதுதான். கல்லீரல் வலிக்காது. பாதிக்குமேல் கெட்டுப்போனாலும் மிச்சம் இருப்பதை வைத்து வேலையை ஓட்டிவிடும்.

சரி, அப்படியென்றால் ரத்தத்தில் எதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பது?

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்றால் என்ன?

இரண்டுமே கல்லீரல் செல்லுக்குள் இருந்து வேலை செய்யும் புரதங்கள். நொதி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போமே, அந்த வகை. இவை ரத்தத்தில் அதிகம் இருக்க வேண்டியவை அல்ல. செல் காயப்பட்டாலோ, செத்தாலோ உள்ளே இருந்தவை கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடும். லேபில் அளப்பது அந்தக் கசிவைத்தான். இதில் எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும்கூட இருப்பதால், ஜிம்மில் கடுமையாக எடை தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுத்தாலும் கூடிப்போய் வரலாம்.

எல்.எஃப்.டி. என்றால் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்று பெயர். ஆனால் இந்த இரண்டு எண்களும் கல்லீரல் எப்படிச் செயல்படுகிறது என்பதைச் சொல்வதே இல்லை. 'இப்போது எத்தனை செல் அடிபடுகிறது' என்பதை மட்டும்தான் சொல்கின்றன. செயல்பாட்டைச் சொல்பவை அல்புமின், பிலிரூபின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவை. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பல ஆண்டுகள் செல்கள் செத்துச் செத்து, அந்த இடமெல்லாம் தழும்பாக மாறிய பிறகு கசிவதற்குச் செல்லே குறைவாகத்தான் இருக்கும். எரிந்து அடங்கிய வீட்டிலிருந்து புகை வராது இல்லையா, அதுபோலத்தான். அதனால்தான் சிரோசிஸ் முற்றியவரின் எஸ்ஜிபிடி 'நார்மல்' என்று வந்து ஏமாற்றுகிறது.

இன்னொன்று. பல லேப்களில் எஸ்ஜிபிடி 40, சில இடங்களில் 50-க்கு மேல்கூட நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவ நிபுணர்கள் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, ஆண்களுக்கு 29 முதல் 33 வரையும் பெண்களுக்கு 19 முதல் 25 வரையும்தான் உண்மையான நார்மலின் மேல் எல்லை என்கிறது. 38 என்று வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இருக்காது. ஆனால் கவனிக்க வேண்டிய எண்தான் அது.

செல் எப்படிச் சாகிறது? உதிர்வதும் வெடிப்பதும்

செல் சாவதில் பல வகை உண்டு. முக்கியமானவை இரண்டு. ஒன்று, அடிபட்டு வீங்கி வெடித்துச் சாவது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, சுற்றிலும் அழற்சி கிளம்பும். இன்னொன்று, செல் தானே திட்டமிட்டுச் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்துச் செல்கள் அதைச் சத்தமில்லாமல் தின்று முடித்துவிடுவது. இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர்.

இந்த இரண்டாவது வகைச் சாவை அறிவியல் உலகம் அடையாளம் கண்டதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கெர் 1960-களில் லண்டனில் எலிகளை வைத்து ஆய்வு செய்தார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயின் ஒரு கிளையைக் கட்டிவிட்டு, அந்தப் பகுதி என்ன ஆகிறது என்று பார்த்தார். செல்கள் வீங்கி வெடிக்கும் என்பது அன்றைய பாடம். ஆனால் அங்கங்கே தனித்தனிச் செல்கள் வீங்காமல் சுருங்கி, துண்டு துண்டாகிக் காணாமல் போயின. 1972-ல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் சேர்ந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வது என்று பொருள். தமிழில் 'உதிர்வு' என்றே சொல்லிவிடலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நம் உடம்பில் இந்த உதிர்வு தினமும் நடக்கிறது. நடக்கவும் வேண்டும். பிரச்சினை, அது கல்லீரலில் வருடக்கணக்கில் நிற்காமல் நடக்கும்போதுதான்.

சாவு எந்த வகை என்று ரத்தத்தில் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். கல்லீரல் செல்லுக்கு உள்ளே கூரைக்கு அடியில் இருக்கும் மூங்கில் சட்டம் மாதிரி, உருவத்தைத் தாங்கும் ஒரு புரதம் உண்டு. பெயர் சைட்டோகெரட்டின் 18, சுருக்கமாக சி.கே.18. செல் உதிர்வுக்குத் தயாராகும்போது 'கேஸ்பேஸ்' எனும் கத்தரிக்கோல் நொதிகள் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகின்றன. வெட்டிய துண்டு ரத்தத்தில் வந்து மிதக்கும்.

எம்30 என்ற பரிசோதனை, அப்படி வெட்டுப்பட்ட துண்டை மட்டும் பிடிக்கும். எம்65 என்ற இன்னொன்று, வெட்டுப்பட்டதோ முழுசோ, எல்லா சி.கே.18-ஐயும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், செத்த செல்களில் எத்தனை பங்கு உதிர்ந்தவை, எத்தனை பங்கு வெடித்தவை என்று ஒரு கணக்கு கிடைக்கும்.

2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் இதை அளந்து பார்த்தபோது, வெறும் கொழுப்பு மட்டும் படிந்தவர்களைவிட, கொழுப்போடு அழற்சியும் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் இந்தத் துண்டு தெளிவாகக் கூடியிருந்தது. வெறும் கொழுப்பா, அழற்சியும் உண்டா என்பதற்கு அதுவரை ஊசி குத்திக் கல்லீரலில் சதை எடுத்துப் பார்ப்பதே வழி என்பதால் பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில், நோய் உள்ளவர்கள் இல்லாதவர்கள் இருவரின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்துகிடப்பது தெரிந்தது. அதனால் இது இன்றும் ஆய்வுக்கூடக் கருவிதான். உங்கள் ஊர் லேபில் கேட்டால் அநேகமாக இல்லை என்பார்கள். அதற்காக வருத்தப்படத் தேவையில்லை.

செத்த செல் எப்படிப் புற்றுநோய் ஆகும்?

நியாயமான கேள்வி. புற்றுநோய் என்பதே சாக மறுக்கும் செல். அப்படியென்றால் செல்கள் நிறையச் சாகும் கல்லீரலில் புற்றுநோய் குறையத்தானே வேண்டும்?

இங்கேதான் கல்லீரலின் வரமே சாபமாகிறது. உள்ளுறுப்புகளில் இந்த அளவுக்கு மறுபடி வளரும் திறன் கல்லீரலுக்குத்தான் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கல்லீரலில் பாதிக்கும் மேல் வெட்டித் தானம் கொடுக்க முடிவது இதனால்தான். ஒரு செல் செத்தால் பக்கத்துச் செல் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணு முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகலில் பிழை வரும். பத்து இருபது வருடம், அழற்சியின் நடுவே, இப்படி நகல் எடுத்துக்கொண்டே இருந்தால் பிழைகள் சேரும். அந்தப் பிழைகளில் ஒன்று, உதிர வேண்டிய நேரத்தில் உதிராமல் தப்பும் திறனை ஒரு செல்லுக்குக் கொடுத்துவிட்டால் அங்கேதான் ஆரம்பம். சுற்றி உள்ளவை எல்லாம் உதிர்ந்துகொண்டிருக்க, அது மட்டும் பெருகும்.

இது வெறும் ஊகம் இல்லை. கல்லீரல் செல்களை உதிராமல் காக்கும் எம்.சி.எல்.1 என்ற புரதம் இல்லாத எலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். வைரஸ் இல்லை, மது இல்லை, கொழுப்பு இல்லை. கல்லீரல் செல்கள் ஓயாமல் உதிர்ந்தன, ஓயாமல் வளர்ந்தன. அந்த எலிகளுக்குக் கல்லீரலில் கட்டிகள் வந்தன.

செல் சாவின் மற்றொரு விளைவு தழும்பு. கல்லீரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு. பக்கத்தில் செல்கள் சாகும் சமிக்ஞை கிடைத்தால் இவை குணம் மாறி, நார்ப் பொருளைச் சுரக்கத் தொடங்கும். தழும்பின் அளவை மருத்துவர்கள் எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிக்கிறார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ். அங்கே வந்தவர்களில், காரணத்தைப் பொறுத்து, ஆண்டுக்கு 100-க்கு ஒருவரிலிருந்து சிலர் வரை புற்றுநோய்க்குப் போகிறார்கள்.

அப்போ செல் சாவதைத் தடுத்துவிட்டால்?

மருந்து நிறுவனங்களுக்கும் அதே யோசனைதான் வந்தது. கேஸ்பேஸ் கத்தரிக்கோலைச் செயலிழக்க வைக்கும் 'எம்ரிகாசன்' என்ற மாத்திரை உருவானது. ரத்தத்தில் எஸ்ஜிபிடி குறைந்தது. கேஸ்பேஸ் வேலையும் அடங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் வெற்றி மாதிரியே இருந்தது. ஆனால் ஃபேட்டி லிவர் நோயாளிகளுக்கு 72 வாரம் கொடுத்துவிட்டுக் கல்லீரல் சதையை எடுத்துப் பார்த்தபோது தழும்பு குறையவில்லை. சிலரிடம் கூடியிருக்கலாம் என்ற சந்தேகமே மிஞ்சியது. உதிர்வதற்கான வழியை அடைத்ததால் செல்கள் வேறு வழியில், இன்னும் அதிக அழற்சியைக் கிளப்பும் விதத்தில் செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

ரத்த எண் நன்றாக ஆனது, கல்லீரல் நன்றாக ஆகவில்லை. எஸ்ஜிபிடி-யை மட்டும் குறைத்துக் காட்டும் எந்த 'லிவர் டானிக்' விளம்பரத்தைப் பார்க்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஏ.எஃப்.பி.: கருவில் இருந்த புரதம்

ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பது தாயின் வயிற்றில் இருக்கும் கருவின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். குழந்தை பிறந்த பிறகு உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோகும். கல்லீரல் செல் புற்றாக மாறும்போது, பழைய கரு கால மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்ளும். 1963-ல் மாஸ்கோவில் ஆபெலெவ் குழுவினர் கல்லீரல் கட்டி வந்த எலிகளிடம் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் இருப்பதைத் தத்தாரினோவ் காட்டினார். 60 வருடம் ஆகியும் இதுதான் அதிகம் பயன்படும் சோதனை.

குறை என்ன? 20 நானோகிராம் என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் புற்றுநோய் உள்ள 10 பேரில் சுமார் 6 பேரைத்தான் பிடிக்கும். மறுபக்கம், கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கூடும். ஹெபடைடிஸ் கிளம்பும்போதும், விரை, சினைப்பைக் கட்டிகள் சிலவற்றிலும் கூடும். ஆகவே ஏ.எஃப்.பி. கூடியிருக்கிறது என்பதற்காகக் கூகுளைத் திறந்து கலங்க வேண்டாம். குறைவாக இருக்கிறது என்பதற்காக ஸ்கேனைத் தவிர்க்கவும் கூடாது.

இதற்குத் துணையாக வந்ததுதான் பிவ்கா 2. ரத்தம் உறைவதற்கான புரோத்ராம்பின் புரதத்தைக் கல்லீரல் வைட்டமின் கே உதவியோடு தயாரிக்கிறது. புற்று செல்கள் இதை அரைகுறையாகத் தயாரித்து வெளியே விடும். அந்த அரைகுறைச் சரக்குதான் பிவ்கா 2. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது கூடும் என்பதால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏ.எஃப்.பி., அதன் எல்3 என்ற உட்பிரிவு, பிவ்கா 2, இவற்றோடு வயது, பாலினம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் 'கேலட்' என்ற மதிப்பெண்ணை பிரிட்டன் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டார்கள். தனித்தனியே பார்ப்பதைவிட இது நன்றாகவே பிடிக்கிறது.

காசில்லாமல் ஒரு கணக்கு

பெரிய புரதமெல்லாம் வேண்டாம், கையில் இருக்கும் சாதாரண ரிப்போர்ட்டே போதும் என்கிறது ஃபிப்-4 என்ற சூத்திரம். வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் முடிந்தது.

50 வயது, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2,000-ஐ 2,000-ஆல் வகுக்க, விடை 1. இது 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. இப்போது 60 வயதுக்காரர் ஒருவர். எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.2 லட்சம். 3,600-ஐ 720-ஆல் வகுத்தால் 5. 2.67-க்கு மேல் போனாலே உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும். இதில் கவனியுங்கள், இரண்டாமவரின் எஸ்ஜிபிடி முதல் ஆளைவிடக் குறைவு! காட்டிக் கொடுத்தது பிளேட்லெட்தான். கல்லீரல் தழும்பானால் மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது. 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் வருபவர்களுக்கு அடுத்த படி, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

மஞ்சள் காமாலை, கீழாநெல்லி, ஹெபடைடிஸ் பி

சிரோசிஸ் வராமலே நேராகப் புற்றுநோய்க்குக் கொண்டுபோகக் கூடியது ஹெபடைடிஸ் பி வைரஸ். தன் மரபணுவைக் கொண்டுபோய் நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் இந்தத் தொற்றோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி பேர். இதற்கான அடையாளமும் ஒரு புரதம்தான்: வைரஸின் மேலுறைப் புரதம். 1965-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பர்க் 1976-ல் நோபல் வாங்கினார். அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

அந்த பிளம்பர்க் சென்னையின் ஒரு ஆய்விலும் பங்கேற்றிருக்கிறார். காமாலை என்றாலே கீழாநெல்லி என்பது நம் ஊர் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், பிளம்பர்க்கும் சேர்ந்து, 1988-ல் 'லான்செட்' இதழில் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி வகைச் செடி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸ் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வெவ்வேறு இடங்களில் செய்தபோது இதே பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லிக்கு நல்ல பெயர் கிடைக்க அதுவும் ஒரு காரணம். பி வகையில் அதை நம்பிக் காத்திருந்தால் வருடங்கள்தான் போகும்.

தடுப்பூசி இருக்கிறது, அதுவும் பலன் தருகிறது. 1984-ல் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானில், பத்தே வருடத்தில் 6 முதல் 14 வயதினரின் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்பதில் நேரம்தான் முக்கியம். நம் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

இதே வைரஸோடு கைகோத்துக்கொள்ளும் இன்னொரு வில்லன், பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்ளாடாக்சின். கெட்டுப்போன செல்லை உதிர வைக்கும் காவல்காரப் புரதமான பி53-ன் மரபணுவில், 249-வது இடத்தில் குறிபார்த்து அடிக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. கசக்கும் கடலையைத் துப்பிவிடுவது சரியான பழக்கம்தான்.

யாருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்?

சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும். ஹெபடைடிஸ் பி இருந்தால், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் வயது, குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வயிற்று அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி.-யும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொடர்புள்ள 18,816 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. ஒரு பிரிவுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு சோதனைகளும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் பிரிவில் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அழைத்தபோதெல்லாம் வந்தவர்கள் அறுபது சதவீதம்கூட இல்லை.

சின்னக் கட்டியாக இருக்கும்போதே சிக்கினால் வெட்டி எடுக்கலாம், ஊசியால் சுட்டு அழிக்கலாம், கல்லீரல் மாற்று சிகிச்சைக்கும் போகலாம். முற்றிய பிறகு மாத்திரையும் நோய் எதிர்ப்பு ஊசிகளும்தான். முற்றிய நிலைக்கான சோராஃபெனிப் மாத்திரை ஒரு காலத்தில் இந்தியாவில் மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாய். 2012-ல் நாட்டின் முதல் கட்டாய உரிமம் இந்த மருந்துக்குத்தான் வழங்கப்பட்டது. விலை சுமார் 8,800 ரூபாய்க்கு இறங்கியது.

ஃபேட்டி லிவர் கட்டத்திலேயே இருப்பவர்களுக்கு நல்ல செய்தி: உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தால் அழற்சி மட்டுமல்ல, பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது. 80 கிலோ இருப்பவருக்கு 8 கிலோ. மருந்தும் வந்துவிட்டது, 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டுமே தழும்பு விழத் தொடங்கி, ஆனால் சிரோசிஸ் ஆகாதவர்களுக்குத்தான்.

ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் அடியோடு போய்விடுகிறது. தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்தும் இலவசம். 'வைரஸ் இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததும் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தால், வைரஸ் போன பிறகும் அந்த 6 மாத ஸ்கேன் தொடர வேண்டும்.